பத்தனைப் புல்லுக்குள்ள ஒரு மஞ்சப் பூ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து எல்லைய தாண்டி மேல போனா ஒரு பத்தனை இருக்கு, மாட்டுக்கு புல்லு அறுக்கப் போற இடம். போன கிழமை அங்க மானாப்புல்லுக்கு நடுவுல முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, நுனியில ரெண்டு பெரிய மஞ்சப் பூவோட நின்னுச்சு. ஃபோட்டோ அனுப்பியிருக்கேன். கூட வேல செய்யிற சிங்கள நண்பர் இது ஓர்கிட்டுன்னு அடிச்சு சொல்றார். ஓர்கிட்டுன்னா மரத்துல தானே இருக்கும்? (ஒரு வாசகர், அப்புத்தளை)

நண்பர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அது இப்சியா ஸ்பெசியோசா, சிங்களத்துல நாகமரு அலன்னு சொல்வாங்க. லிண்ட்லின்னு ஒரு இங்கிலாந்து தாவரவியல்காரர் 1831லயே இதுக்கு பேர் வச்சிட்டார், ஆனா இருநூறு வருசம் ஆகப்போகுது, நம்ம தோட்டங்கள்ல கேட்டா நூறு பேர்ல ரெண்டு பேருக்குக்கூட தெரியாது, அதனால நீங்க நின்னு பாத்து ஃபோட்டோ எடுத்ததே பெரிய விசயம்.

இது உலகத்துலயே இலங்கையில மட்டும்தான் இருக்கு. ஓர்கிட் குடும்பத்துக்குள்ள இப்சியாங்கிற ஜாதி சரியான சின்ன ஜாதி, மொத்தம் மூணே இனம்தான் சொல்றாங்க. நம்மகிட்ட ஒண்ணு, கேரளா மலைப்பக்கம் சைலண்ட் வேலி, வயநாடு பகுதியில ஒண்ணு, மூணாவது எங்கேயோ தூரத்துல தாய்லாந்துல. கேரளாவுல இருக்கிறதும் புல்லு மலையிலதான் வளருது, அதுவும் அரிதாத்தான் கண்ணுல படும்.

ஓர்கிட்டுன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, நீங்க அனுப்பின ஃபோட்டோவ பெருசாக்கி பாருங்க. ஆறு இதழ் இருக்கும், அதுல அஞ்சு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் வேற வடிவத்துல முன்னுக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அத உதடுன்னு சொல்றது. பூச்சி வந்து இறங்குற இடம் அதுதான். அதுக்கு மேல நடுவுல ஒரு சின்னத் தூண் மாதிரி தெரியுதா? மத்த பூவுல மகரந்தம் வைக்கிற கேசரம் தனியா, சூல்முடி தனியா இருக்கும், ஓர்கிட்டுல ரெண்டும் ஒண்ணா ஒட்டி அந்தத் தூணா ஆயிடும். மகரந்தமும் தூளா இருக்காது, சின்னச் சின்ன உருண்டையா கட்டியிருக்கும், பூச்சியோட உடம்புல அப்படியே ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். இதெல்லாம் இருந்தா அது மரத்துல இருந்தாலும் சரி பாறையில இருந்தாலும் சரி மண்ணுல இருந்தாலும் சரி, ஓர்கிட்தான். இலங்கையில சுமார் 190 ஓர்கிட் இனம் இருக்கு, அதுல கால்வாசிக்கு மேல இந்த நாட்டுல மட்டும் வளர்றது, நெலத்துல வளர்றதும் அதுல நெறைய இருக்கு.

இனி இடம். நாகமரு அல பெரும்பாலும் 900 மீட்டர்லருந்து 1800 மீட்டர் உயரம் வரைக்கும் புல்லுச் சரிவுகள்ல இருக்கும். அப்புத்தளை, ஹக்கல பக்கம், ஊவா பத்தனைகள், இதெல்லாம் அதோட சொந்த ஊரு. அங்க ஒரு வருசத்துல ரெண்டு வாழ்க்கை. வடகிழக்கு மழை வந்தா மலை முழுக்க ஊறிப்போய் கெடக்கும், ஜூன் ஜூலை பொறந்தா மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டுது, இந்தப் பக்கம் வெறும் காஞ்ச காத்து மட்டும் இறங்கி வருது. ஊவா தேயிலைக்கு வாசம் கொடுக்கிற காத்துன்னு ஃபெக்டரியில பெருமையா சொல்வாங்களே, அதே காத்துதான் பத்தனைய காயப்போட்டு புல்ல சுருட்டி வைக்கிறது. அந்த மாசங்கள்ல மேல எது நின்னாலும் கருகும், இது மண்ணுக்குள்ள கிழங்குல தண்ணியையும் சாப்பாட்டையும் வச்சிக்கிட்டு இருந்து, காலம் வந்தா ஒண்ணு ரெண்டு நீட்டு இலையும், பக்கத்துல தனியா ஒரு பூத்தண்டும் அனுப்பும். அதனாலதான் உங்க ஃபோட்டோவுல தண்டு மொட்டையா தெரியுது, இலைய புல்லுக்குள்ள தேடணும், புல்லோட புல்லா கலந்து இருக்கும்.

பூ இல்லாத நேரத்துல அதுக்கு மேலயே நடந்து போனாலும் தெரியாது. அதுதான் அதுக்கு பாதுகாப்பு, அதுதான் ஆபத்தும்.

கேள்வி: அண்ணா, எங்க லயத்து வாசல்ல பூச்சட்டி நெறைய வச்சிருக்கேன். நீங்க சொல்ற மாதிரி மஞ்ச ஓர்கிட் எங்க மலையிலயும் இருக்கு. ஒரே ஒரு கிழங்கு தோண்டி சட்டியில வச்சா வளருமா? என்ன உரம் போடணும்? (வாசகி, பண்டாரவளை)

தங்கச்சி, வேணாம். முதல்ல காரணத்த சொல்றேன், சட்டத்த பெறகு சொல்றேன், ஏன்னா சட்டம்னு மட்டும் சொன்னா யாரும் பாக்காதப்ப தோண்டுவோம்.

ஓர்கிட் விதைய பாத்திருக்க மாட்டீங்க, பாத்தாலும் விதைன்னு தெரியாது. ஒரு காய் வெடிச்சா ஆயிரக்கணக்குல தூசியாப் பறக்கும். அவரை, சோளம் மாதிரி அதுக்குள்ள முளைக்கிறதுக்கு வேண்டிய மாவுச்சத்து ஒண்ணும் கிடையாது, கட்டுச்சோறு இல்லாம தூரப் பயணம் கெளம்பினவன் கதைதான். விழுந்த இடத்துல ஒரு குறிப்பிட்ட பங்கசு மண்ணுல இருக்கணும், அந்தப் பங்கசு நூலு விதைக்குள்ள புகுந்து சாப்பாடு கொடுத்தாத்தான் அது முளைக்கும். அந்தப் பங்கசு இல்லாத மண்ணுல கோடி விதை விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. பெரிய செடியான பெறகும் நெறைய நெலத்து ஓர்கிட்டுகள் அந்த உறவ விடுறதில்ல. காஸ்ட்ரோடியான்னு ஒரு ஜாதி இருக்கு, இலங்கைக் காட்டுலயும் இருக்கு, அதுக்கு இலையுமில்ல பச்சையுமில்ல, சாகிற வரைக்கும் பங்கசுதான் சோறு போடுது.

இப்ப நீங்க கிழங்க தோண்டி எடுக்கிறீங்க. மண்ண உதறி, கடையில வாங்கின கம்போஸ்ட்ட சட்டியில போட்டு, தெனம் தண்ணி ஊத்தி, யூரியாவும் கொஞ்சம் தூவுவீங்க. புல்லு மலையோட மண்ணு புளிப்பு மண்ணு, சத்து கம்மி, தண்ணி நிக்காம ஓடிடும், காஞ்ச காலத்துல நல்லா காயும். அதுக்கு எல்லாமே தலைகீழா செஞ்சா கிழங்குல இருக்கிற சேமிப்புல ஒரு தடவ இலை விடும், அதிர்ஷ்டம் இருந்தா பூவும் காட்டும், அத பாத்து நீங்க "வந்துருச்சு"ன்னு சந்தோசப்படுவீங்க, பெறகு கிழங்கு அழுகும். மலையில ஒண்ணு கொறஞ்சது மட்டும்தான் மிச்சம்.

சட்டம் என்னன்னா, 1937ஆம் வருசத்து விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்பு கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2009ல திருத்தினாங்க, அதுல பாதுகாக்கப்பட்ட செடிகளுக்குன்னு தனி அட்டவணையே இருக்கு. வெளிநாட்டுக்கு கொண்டுபோறதா இருந்தா, காட்டுச் செடி விலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்துற சைட்டிஸ்ங்கிற உலக ஒப்பந்தம் வேற, ஓர்கிட் குடும்பம் மொத்தமும் அதுக்குள்ள வருது.

பூ ஆசை இருக்குல்ல, அத நான் கெடுக்க மாட்டேன். நர்சரியில விக்கிற ஓர்கிட் காட்டுலருந்து வந்ததில்ல. அமெரிக்காவுல நட்சன்னு ஒருத்தர் 1922ல சீனி கலந்த ஜெல்லியில பங்கசு இல்லாமலே ஓர்கிட் விதைய முளைக்க வச்சு காட்டினார், இன்னைக்கு உலகம் முழுக்க போத்தல்ல லட்சக்கணக்குல வளக்கிறது அந்த வழியிலதான். பண்டாரவளை மாதிரி மிதமான இடத்துக்கு டென்ட்ரோபியம் சட்டி ஒண்ணு வாங்குங்க, மண்ணு போடாம கரித்துண்டு, உடைச்ச செங்கல், தேங்காமட்டை போட்டு வையுங்க, வேருக்கு காத்து வேணும். காலை வெயில் போதும். நுவரெலியா குளிர்ல இருக்கிறவங்க டென்ட்ரோபியத்தோட மல்லுக்கட்டாம சிம்பிடியம் வாங்கினா நல்லது.

கேள்வி: தம்பி, நாகமரு அல கிழங்குக்கு வசிய சக்தி இருக்குன்னும் ஆம்பிளைக்கு பலம்னும் எங்க காலத்துல பேசிக்குவாங்க. நாட்டு மருந்துக்காரர்கள் தேடி வருவாங்க. உண்மையா? (மூத்த வாசகர், பதுளை)

ஐயா, அந்தப் பேச்சு பழசு, சிங்கள கிராமங்கள்ல வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்தது, அவங்களும் எழுதி வச்சிருக்காங்க. ஓர்கிட் கிழங்குன்னாலே அப்படி ஒரு நம்பிக்கை உலகத்துல பல ஊர்ல இருக்கு, துருக்கியில காட்டு ஓர்கிட் கிழங்க அரைச்சு சலேப்புன்னு பாலுல காச்சி குடிச்சே மலை மலையா காலி பண்ணிட்டாங்க. கிழங்குல இருக்கிறது மாவுச்சத்தும் பசையும். குடிச்சா வயிறு நிறையும்.

வசியத்துக்கு வேற வழி பாக்கச் சொல்லுங்க உங்க கூட்டாளிமாரை.

கேள்வி: அண்ணே, பத்தனைய சும்மா வெறும் புல்லா விடுறதுக்கு மரம் நட்டா நல்லதுதானே? எங்க பக்கம் அப்பா சின்ன வயசுல இருக்கும்போதே பைன் மரம் நட்டாங்க, இப்ப காடா இருக்கு, பாக்க அழகா இருக்கு. நீங்க எழுதுறத பாத்தா புல்லுதான் முக்கியம்ங்கிற மாதிரி இருக்கு. (மாணவர், வெலிமடை)

ஆமா தம்பி, அந்த இடத்துல புல்லுதான் முக்கியம். இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

நமக்கெல்லாம் சின்ன வயசுலருந்து மரம்னா நல்லது, புல்லுன்னா தரிசுன்னு பதிஞ்சு போச்சு. தோட்டக் கணக்குலயும் அப்படித்தான், தேயிலை நட்ட மலைக்கு நம்பர் உண்டு, காட்டுக்கு பேர் உண்டு, பத்தனைக்கு ஒண்ணும் கிடையாது, "அந்தப் பக்கம் சும்மா கெடக்கு"ன்னுதான் சொல்வோம். ஆனா இலங்கை மலைநாட்டுல பத்தனை ரெண்டு வகையா இருக்கு. கீழ ஊவா பக்கம் இருக்கிறது காஞ்ச பத்தனை, மானாப்புல்லு, நடுவுல அங்கங்க நெல்லி மரம். மேல ஹோர்டன் சமவெளி, நுவரெலியா பக்கம் இருக்கிறது ஈரப் பத்தனை, அங்க புல்லு கட்டை, மண்ணு கருப்பா பஞ்சா இருக்கும், உறைபனி விழும், ஓரத்துல மஹாரத்மல் மரம் சிவப்பா பூத்து நிக்கும். ரெண்டும் வேற வேற, ரெண்டுலயும் வேற வேற ஓர்கிட். காஞ்ச பத்தனையில நாகமரு அல. ஈரப் பத்தனையில சட்டீரியம் நேபாலென்ஸ்னு ஒண்ணு, ரோஸ் நிறத்துல கதிரா நிமிர்ந்து பூக்கும், இமயமலையிலயும் இருக்கு, ஹோர்டன் சமவெளியிலயும் இருக்கு, நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க. இதெல்லாம் முழு வெயில் வேணும்னு கேக்கிற செடி. நிழல் விழுந்தா முடிஞ்சது.

நீங்க சொல்ற பைன் மெக்சிகோவுக்கு தெற்கால மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம். 1970, 80கள்ல மலைநாட்டு பத்தனைகள்ல நெறைய நட்டாங்க, மண்ணரிப்ப தடுக்கலாம், தடிக்கும் ஆகும்னு, நோக்கம் கெட்டதில்ல. ஆனா பைன் காட்டுக்குள்ள போய் கீழ பாருங்க. ஊசி இலை மெத்தையா கெடக்கும், அதுக்கு கீழ புல்லு இல்ல, செடி சரியா இல்ல. வெயிலும் இல்ல. அந்த ஊசியில பிசின் இருக்கு, காஞ்சா பத்திக்கிட்டு எரியும், ஊவாவுல காட்டுத் தீ செய்தி வந்தா எந்த மலைன்னு கவனிச்சு பாருங்க, பாதி நேரம் பைனா இருக்கும், இல்லாட்டி பத்தனையா இருக்கும். பைன் நட்ட மலையில கிழங்கு இருந்திருந்தா அதுக்கு என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பைன் மட்டும் குத்தவாளியில்ல, அதையும் சொல்லிடணும். வெலிமடை, பொரலந்த பக்கம் பத்தனைய வெட்டி உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கோம், நம்ம வயித்துக்கு அதுவும் வேணும், அத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தேயிலையும் அதே கதைதான், கோப்பிக்கு 1869ல இலை நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்ச பெறகு தேயிலை ஏறிச்சு, காடும் போச்சு, காட்டோரத்து புல்லும் போச்சு, நம்ம முன்னோர் கையாலதான் அதெல்லாம் நடந்தது, அவங்களுக்கு அதுல வேற வழி இருந்ததான்னா அதுவுமில்ல. நான் சொல்றது இவ்வளவுதான்: மிச்சமா இருக்கிற பத்தனைத் துண்ட "வெறும் நெலம்"னு நெனச்சு ஸ்கூல்ல மரநடுகை நாளுக்கு அங்க போய் குழி தோண்டாதீங்க. மரம் நட ரோட்டோரம் இருக்கு, ஆத்தோரம் இருக்கு, மண்சரிவு வந்த இடம் இருக்கு, லயத்துக்கு பின்னால இருக்கு.

கேள்வி: பத்தனைக்கு வருசா வருசம் நெருப்பு வைக்கிறாங்க. புதுப்புல்லு வரும், மாட்டுக்கு நல்லதுன்னு. அதுல ஓர்கிட் அழிஞ்சிடாதா? (வாசகர், எல்ல)

கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கிறதால ஒரு தடவ மேலாப்புல ஓடிப்போற நெருப்புக்கு அது சாகணும்னு இல்ல, பத்தனை தீயோட பழகின இடம்தான். பிரச்சனை வருசா வருசம் வைக்கிறது, அதுவும் தண்டு கெளம்புற நேரத்துல வைக்கிறது. பூ கருகினா காய் இல்ல, காய் இல்லாட்டி விதை இல்ல, இருக்கிற கிழவங்க மட்டும் மண்ணுக்குள்ள இருப்பாங்க, புது ஆள் வராது. மேல பாத்தா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். அதோட நெருப்புக்கு பெறகு வர்ற முதல் மழை மேல்மண்ண அடிச்சுக்கிட்டு ஓடைக்கு போயிடும், மேல சொன்ன பங்கசு இருக்கிறது அந்த மேல்மண்ணுலதான்.

மாடு மேயுறது பத்தி கேக்கல, இருந்தாலும் சொல்றேன், அளவா மேஞ்சா பரவால்ல, தீயவிட நூறு மடங்கு நல்லது.

கேள்வி: எங்க மலையில பழைய சபுக்கு மரத்துல ஓர்கிட் ஒட்டிக்கிட்டு இருக்கு. மரத்தோட சத்த உறிஞ்சுதுன்னு கங்காணி சுரண்டிப் போடச் சொல்றார். (வாசகர், தலவாக்கலை)

உறிஞ்சாது. உறிஞ்சுறது குருவிச்சை, அது கிளைக்குள்ள வேர விட்டு எடுக்கும். ஓர்கிட் பட்டைக்கு மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான், அதோட வேர்ல வெள்ளையா ஒரு பஞ்சு உறை தெரியும் பாருங்க, மழையையும் மிஸ்ட்டையும் அதுதான் பிடிச்சு வைக்கும், சாப்பாடு பட்டையில சேர்ற தூசி, இலைக்குப்பைலருந்து. கங்காணி ஐயாகிட்ட மரியாதையா சொல்லிப் பாருங்க. மரத்த விறகுக்கு வெட்டுறதா இருந்தா, விழுந்த கொப்புல இருக்கிறத பட்டையோட எடுத்து பக்கத்து மரத்துல அதே உயரம், அதே நிழல்ல தென்னங்கயிறால கட்டி விடுங்க, ஆணி அடிக்க வேணாம்.

கேள்வி: சேர், எங்க பக்கம் வெளியாள் ரெண்டு பேர் வந்து "வனராஜ" செடி இருக்கா, எடுத்துக் கொடுத்தா நல்ல காசு தர்றோம்னு பொடியன்மார்கிட்ட கேட்டுக்கிட்டு திரியுறாங்க. அது என்ன செடி? எதுக்கு கேக்கிறாங்க? (வாசகி, மஸ்கெலியா)

இது கவனமா இருக்க வேண்டிய விசயம், அதனால நேரா சொல்றேன்.

வனராஜவும் ஓர்கிட்தான், ஆனா பூவுக்காக யாரும் தேடுறதில்ல, இலைக்காகத்தான். அனெக்டோகைலஸ்னு பேர். காட்டுத் தரையில, பகல்லயும் இருட்டா இருக்கிற எடத்துல, ஓடைக்கு பக்கத்துல மக்கிப்போன இலைக்குள்ள படுத்த மாதிரி தண்டு ஓடும், நாலஞ்சு இலைதான். இலை கரும்பச்சைக்கும் கருஞ்சிவப்புக்கும் நடுவுல ஒரு நிறம், வெல்வெட்டா இருக்கும், அதுக்கு மேல பொன்னும் செம்பும் கலந்த வலை போட்ட மாதிரி நரம்பு. வெளிச்சம் பட்டா மின்னும். பூ சின்னது, வெள்ளை, உதட்டு ஓரத்துல தாடி மாதிரி நூல் நூலா தொங்கும். சிவனொளிபாதமலைக் காடு, சிங்கராஜா, நக்கிள்ஸ், இப்படி ஈரக் காடு இருக்கிற இடத்துல இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தான். இதோட இன்னொரு ஆள குழப்பிக்குவாங்க, இருராஜன்னு, அது சூக்சைன் ரீஜியா, அதுல வலை இருக்காது, இலை நடுவுல வெளிறின ஒரு கோடு மட்டும் ஓடும்.

எதுக்கு கேக்கிறாங்கன்னா, சிலர் மருந்துன்னு, சிலர் வீட்டுல வச்சா அதிர்ஷ்டம்னு, சிலர் வெளிநாட்டு செடி சேகரிப்பாளருக்கு விக்க. தாய்வான்ல இதோட சொந்தக்கார இனம் ஒண்ணு மருந்துக்கு அவ்வளவு விலை போகுது, ஆனா அங்க இப்ப போத்தல்ல திசு வளர்ப்பா வளத்து விக்கிறாங்க, காட்டுல போய் பிடுங்க வேண்டிய தேவை கொறஞ்சிருச்சு. இங்க அப்படி இல்ல, காட்டுலருந்துதான். அகில் மாதிரி வாசனைக்காக வெட்டுற வல்லப்பட்டை மரத்துக்கு நடந்தத நீங்க பாத்திருப்பீங்க: முதல்ல ஒருத்தன் வந்து விலை சொன்னான், பெறகு ஊர்ப் பொடியன்மார் கத்தியோட காட்டுக்குள்ள போனாங்க, கடைசியில விமான நிலையத்துலயும் பஸ்ஸுலயும் பிடிபட்டு பேப்பர்ல பேர் வந்தது நம்ம பொடியன்மாருக்கு, விலை சொன்னவன் எங்கன்னு தெரியல.

வனராஜவும் அதே வழியில போகுது. ஒரு செடிய பிடுங்கினா அந்தத் தண்டோட மொத்தக் கூட்டமும் வரும், ஏன்னா ஒரே தண்டு தரையில ஓடி கிளை விட்டுத்தான் அது பரவுது. வர்றவங்ககிட்ட சண்டைக்குப் போக வேணாம். வாகன நம்பர குறிச்சு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ கிட்ட இருக்கிற வன இலாகா ஒபிசுக்கோ சொல்லுங்க, பொலிசுலயும் சொல்லலாம். முக்கியமா வீட்டுப் பொடியன்மார்கிட்ட உக்காந்து கதைங்க, காசு கொடுக்கிறவன் தப்பிச்சிடுவான், கையில செடி இருக்கிறவன்தான் மாட்டுவான்னு விளங்குற மாதிரி சொல்லுங்க.

கேள்வி: வெசாக் பூன்னு சொல்றதும் மலைநாட்டு ஓர்கிட்டா? (வாசகி, ஹட்டன்)

அவ்வளவு உயரத்துல இல்ல. டென்ட்ரோபியம் மக்கார்தியே, இரத்தினபுரி, களுத்துறை, காலி பக்கத்து தாழ்நில மழைக்காட்டு மரங்கள்ல தொங்கும், மே மாசம் வெசாக் நேரத்துல ஊதாவும் ரோஸும் கலந்து பூக்கும். பேராதனை தோட்டத்துல இருந்த துவைட்ஸ் 1850கள்ல பேர் வச்சது, பெறகு இலங்கைக்கு ஆளுநரான மக்கார்த்தியோட மனைவி பேர்ல. அதுவும் பிடுங்கிப் பிடுங்கியே அரிதாப் போச்சு.

கேள்வி: சேர், எட்டாம் தரத்து பிள்ளைகள கூட்டிட்டு போய் காட்டு ஓர்கிட் காட்டணும்னு ஆசை. எங்க போகலாம்? நாகமரு அல இருக்கிற இடத்த சொல்ல முடியுமா? (ஆசிரியை, இராகலை)

கடைசிக் கேள்விக்கு முதல்ல: சொல்ல மாட்டேன், டீச்சர் கோவிக்க வேணாம். அப்புத்தளை வாசகரோட ஃபோட்டோவ நாங்க பிரசுரிக்கும்போது பின்னால தெரியுற மலையையும் வெட்டிட்டுத்தான் போடுறோம். இப்பல்லாம் ஃபோன்ல எடுத்த ஃபோட்டோவுக்குள்ளயே எந்த இடம்னு பதிவாயிருக்கும், அத அப்படியே ஃபேஸ்புக்குல போட்டா கிழங்கு தேடுறவனுக்கு வழி காட்டிவிட்ட மாதிரிதான், கெமரா செட்டிங்ல லொகேசன ஓஃப் பண்ணிட்டு எடுங்க, ஊர் பேர் எழுதணும்னா "ஊவா"ன்னு மட்டும் எழுதுங்க.

பிள்ளைகளுக்கு உங்களுக்கு கிட்ட ஹக்கல பூங்கா இருக்கு. 1861ல சின்கோனா, அதான் மலேரியாவுக்கு கொயினா மருந்து எடுக்கிற மரம், அத வளக்கிறதுக்காக ஆரம்பிச்ச தோட்டம், அதுக்கு பின்னாலயே இயற்கைக் காடு இருக்கு, அங்க மரத்துல பாசியோட பாசியா ஓர்கிட் எப்படி இருக்குன்னு காட்டலாம். பேராதனையில ஓர்கிட் ஹவுஸ் இருக்கு, பெரும்பாலும் கலப்பு ஜாதி, ஆனா உதடு, தூண், மகரந்த உருண்டை இதெல்லாம் கிட்ட வச்சு காட்ட அதவிட நல்ல இடம் இல்ல, காட்டுல ஒரு பூவச் சுத்தி நாப்பது பிள்ளைகள் நின்னா பூவுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம். ஹோர்டன் சமவெளி போறதா இருந்தா ரயில்ல ஓஹியா இல்லாட்டி பட்டிப்பொல இறங்கி மேல போகணும். அது 1988லருந்து தேசிய பூங்கா, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸோட சேத்து 2010ல உலக மரபுரிமையும் ஆயிடுச்சு, பாதைய விட்டு புல்லுக்குள்ள இறங்கவே கூடாது. பாதையோரத்துலயே காலநேரம் சரியா இருந்தா சட்டீரியம் தெரியும், குட்டை மரங்கள்ல வெள்ளையா வாசத்தோட பூக்கிறது சீலோஜைன் ஒடோராட்டிசிமா. பொலித்தீன் பைக்கட்ட வாசல்லயே செக் பண்ணி வாங்கிடுவாங்க, சாப்பாட்ட டப்பாவுல கட்டுங்க.

பிள்ளைகள் ஏதாவது பூவ ஃபோட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புறதா இருந்தா பூவ மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. ஒண்ணு முன்னாலருந்து, ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு இலையோட, பக்கத்துல ஒரு பேனா வச்சா அளவும் தெரியும், பூவ பறிக்காமலே பேர் கண்டுபிடிச்சு சொல்லிடலாம்.